மே மாதத்தில் சினையான பிரெஞ்சுப் பசு

விளாங்குடியில் என் வீட்டு மாடியில், ஒரு கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பிரான்ஸ் நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் ஒரு பசுமாட்டை மூன்று மாதம் முன்கூட்டியே சினைப்பிடிக்க வைத்தவன் நான். ஊசி போடவில்லை. காளையும் அனுப்பவில்லை. ஒரு கடிதம் போட்டேன், அவ்வளவுதான். அந்த மாடு மறுபேச்சுப் பேசாமல் ஆகஸ்டை விட்டுவிட்டு மே மாதத்துக்கு வந்துவிட்டது.

இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் எங்கள் பகுதியில் கிடையாது. சிரித்துவிட்டு, பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று போய்விடுவார்கள். போகாதவன் ஒருவன்தான், முத்திருளன். கால்நடை ஆய்வாளராக முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுத்துப்பட்டியில் பாதி மாடுகள் பிறந்தது இவன் கையில்தான். ஆனாலும் சர்வீஸ் முடிகிற வரைக்கும், யாராவது வாய் தவறி 'டாக்டர்' என்று கூப்பிட்டால் பக்கத்திலிருக்கும் நிஜ டாக்டர் தொண்டையைச் செருமுவாராம். அந்தச் செருமலுக்கெல்லாம் சேர்த்து இப்போது என்னைப் பழிவாங்கிக்கொண்டிருந்தான். திண்டுக்கல் ரோட்டு டீக்கடையில் தினமும் பதினோரு மணிக்கு எனக்கு எதிரே உட்கார்ந்து, என்னைப் பொய்யன் என்று நிரூபிப்பது அவனுடைய இரண்டாவது உத்தியோகம்.

"ஏன் வாத்தியாரே, அந்த மாடு கன்னு போடும்போது பிரெஞ்சுல கத்துச்சா, இங்கிலீசுல கத்துச்சா?"

"பிரெஞ்சுலதான் மாப்ள. நான்தான் அதை இங்கிலீசுக்கு மாத்துனேன்."

"கத்துனதையுமா மாத்துன?"

"அம்புட்டையும்."

என் பெயர் நல்லகாமன். அதை யாரும் சொல்வதில்லை. காலேஜில் சார், டீக்கடையில் வாத்தியார், வீட்டில் ஏங்க. பேர் தேய்ந்துபோகாமல் புதுசாகப் பெட்டிக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செக்கானூரணிப் பக்கம் மாடு மேய்த்த வீட்டுப் பிள்ளைக்கு பிரெஞ்சு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மார்க்கினால் வந்தது. காலேஜில் சேர்க்க வந்த என் அப்பாவிடம் அங்கிருந்த ஒரு குமாஸ்தா, "தமிழ் எடுத்தா அறுபது, பிரெஞ்சு எடுத்தா தொண்ணூறு" என்றார். அப்பாவுக்கு விலை படிந்துவிட்டது. நான் பிரெஞ்சு எடுத்தேன். தொண்ணூறு வாங்கத்தான் போனேன். போன இடத்தில் அந்த மொழி என்னைப் பிடித்துக்கொண்டது. பிறகு அதே மதுரையில், தொண்ணூறு வாங்குவதற்கு மட்டும் வந்த பிள்ளைகளுக்கு, முப்பத்துமூன்று வருஷம் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தேன். மொத்தம் ஏழாயிரம் பேர் இருக்கும். அதில் ஒரே ஒருவன் பரீட்சைக்குப் பிறகும் என்னிடம் பிரெஞ்சில் பேசினான். 'நன்றி, போய் வருகிறேன்' என்று.

சாயங்காலங்களில் நான் மொழிபெயர்ப்பாளன். பிரெஞ்சு நாவலை எடுத்து ஆங்கிலத்தில் வைப்பேன். தமிழில் செய்ய வேண்டியதுதானே என்று கேட்காதவர் இல்லை. நான் பிரெஞ்சைக் கற்றதே ஆங்கிலம் வழியாக. என் மண்டைக்குள் அவை இரண்டும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தன. தமிழ் பக்கத்து வீட்டில் சொந்த வீட்டோடு சௌகரியமாக இருந்தது. அதை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

முப்பது வருஷத்தில் பதினோரு நாவல்களை முழுசாக முடித்தேன். அந்தத் தாள்களை வரிசையாக விரித்தால் விளாங்குடியிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் போகும். நடுவில் வாடிப்பட்டியில் இறங்கி டீ குடிக்கும் அளவுக்கு மிச்சமும் இருக்கும். ஒன்றுகூட அச்சாகவில்லை. காரணம் ரொம்ப எளிது. ஒரு நாவலை மொழிபெயர்க்கும் முன்னால், அதன் உரிமை யாரிடம் இருக்கிறது, கொடுப்பார்களா என்று கேட்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்து, அறுத்துக் களத்தில் சேர்த்த பிறகு, இந்த நிலம் யாருடையது என்று விசாரித்தவன் நான்.

விசாரித்தால் பாரிஸிலிருந்து பதில் வரும். மரியாதையான தாள், மரியாதையான பதில். ஆங்கில உரிமை லண்டனுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று நான்கு கடிதம். ஆசிரியரின் பிள்ளைகளுக்குள் வழக்கு நடக்கிறது என்று ஒன்று. டெல்லிப் பதிப்பகம் ஒன்று மட்டும், 'உங்கள் ஆங்கிலம் மிக அழகாக இருக்கிறது, ஆனால்' என்று எழுதியது. அந்த 'ஆனால்' வரும் இடத்தில் மடித்து, மேல் பாதியை மட்டும் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினேன். வந்தவர்களெல்லாம் படித்துவிட்டுப் பாராட்டினார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஒரு புத்தகத்தின் உள்பக்கத்தில், ஆசிரியர் பெயருக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் இருந்தாலும் சரி, 'மொழிபெயர்ப்பு: நல்லகாமன்' என்று ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடலாம் என்று இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓய்வு பெற்ற மறு வருஷம், பன்னிரண்டாவது நாவலுக்கு முறைப்படி உரிமை கேட்டேன். கிடைத்தது. டெல்லியில் ஒரு சின்னப் பதிப்பகம் ஒப்பந்தமே போட்டது. ஒப்பந்தத்தின் ஆறாவது பக்கத்தில், புத்தகத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இடம்பெறும் என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்றால், தாளின் மறுபுறம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

நாவலை எழுதியவர் ஓதில் வெர்னாக் என்ற எழுபது வயது அம்மாள். கதை மலைக்கிராமத்து விவசாயி ஒருவனைப் பற்றியது. ஆகஸ்ட் நடுவில் ஊர்ச்சந்தை. அன்றைக்கு அப்பனும் மகனும் சண்டை போடுகிறார்கள். மகன் வீட்டைவிட்டுப் போகிறான். அன்று மாலையே பசுவைக் காளைக்கு விடுகிறார்கள். பிப்ரவரிக் கடைசியில் மகன் பிணமாக வருகிறான். அடக்கம் நடக்கும் அதே நாளில், பனியில், அந்தப் பசு கன்று போடுகிறது. கன்று நடுங்கிக்கொண்டே எழுந்து நின்று பால் குடிக்கிறது. அதைப் பார்த்து அப்பன் அழுகிறான். நானும் அழுதேன். அழுதுகொண்டே மொழிபெயர்த்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினேன். எண்ணியதும் அழுகை நின்றுவிட்டது.

மறுநாள் டீக்கடையில் முத்திருளனிடம் கேட்டேன். "மாப்ள, ஆகஸ்டு பதினஞ்சுல சினைப்பிடிச்ச மாடு, பிப்ரவரி கடைசில கன்னு போடுமா?"

"ஆறரை மாசத்துலயா? கன்னு போடாது. கன்னு வீசும். செத்துத்தான் விழும்."

"எந்திரிச்சு நின்னு பால் குடிச்சுச்சாம்."

"எவன் சொன்னான்? ஒம்பது மாசம் பத்து நாளுய்யா. எந்த ஊரு மாடு அது?"

"பிரான்ஸ்."

"பிரான்ஸ் மாடுன்னா வயித்துல என்ன, பிரஷர் குக்கரா வச்சிருக்கு? அந்தக் கன்னு உசுரோட நின்னுச்சுன்னா எம் பென்சனை உனக்கு எழுதித் தாரேன்."

மொழிபெயர்ப்பாளர்கள் ஆசிரியருக்குச் சந்தேகப் பட்டியல் அனுப்புவது வழக்கம். என் பட்டியலில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. நாற்பத்துமூன்றாவதாக மாட்டைச் சேர்த்தேன். எழுதும்போதே பயம். பரிசு வாங்கிய நாவல், எழுதியவர் பெரிய மனுஷி. மார்க்குக்காக பிரெஞ்சு படித்த ஒருத்தன் மாட்டைப் பற்றிச் சொன்னால் நம்புவார்களா? எங்கள் பக்கம் ஆபீசுக்கு மனுப் போட்டால்கூட, மேலே ஒரு பெரிய ஆள் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்போம். அதே பழக்கத்தில், 'மதுரையின் புகழ்பெற்ற கால்நடை மருத்துவரும் என் நண்பருமான திரு. முத்திருளன், முப்பத்துநான்கு வருட அனுபவத்தில், இந்தக் கன்று உயிரோடிருக்க வாய்ப்பில்லை என்று கருதுகிறார். மாட்டை மே மாதம் இருபதாம் தேதி வாக்கில் காளைக்கு விட்டிருந்தால்தான் சரியாக இருக்கும்' என்று எழுதினேன். ஆய்வாளரை மருத்துவராக்கியது நான்தான். அவனிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் டாக்டர் என்ற தோரணையில் டீக்கு அவன் காசு கொடுப்பதை நிறுத்திவிடுவான். என்னைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கீழே 'தங்கள் மொழிபெயர்ப்பாளன்' என்று மட்டும் போட்டு ஒரு கையெழுத்துக் கிறுக்கினேன். என் பெயருக்குத்தான் புத்தகத்தின் உள்பக்கமே காத்திருக்கிறதே, இங்கே எதற்கு என்று ஒரு மிதப்பு.

ஏழு வாரத்தில் பதில் வந்தது. கையால் எழுதிய இரண்டு பக்கம். புத்தகம் வந்து பத்து வருஷமாகிறது, ஒரு லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது, மூன்று பரிசுக் குழுக்கள் படித்திருக்கின்றன, ஒருவரும் இதைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். கேட்க மாட்டார்கள் அம்மா, நாவல் படிக்கிறவர்கள் மாடு வைத்திருப்பதில்லை, மாடு வைத்திருப்பவர்களுக்கு நாவல் படிக்க நேரமில்லை என்று நான் மாடியில் நின்று பதில் சொன்னேன். தான் நகரத்தில் நான்காவது மாடியில் பிறந்து வளர்ந்தவள் என்றும், மாட்டை ரயில் ஜன்னலிலிருந்துதான் பார்த்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார். அடுத்த பதிப்பில் மாட்டை மே மாதத்துக்கு மாற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். முத்திருளன் கையில் அப்போதுதான் ஒரு புதுப் போன் வந்திருந்தது. எந்த மொழியில் எழுதியிருந்தாலும் கேமராவைக் காட்டினால் தமிழில் சொல்லும். பினாயில் பாட்டிலில் இருந்த இந்தியைக்கூட விடாமல் படித்துக்கொண்டிருந்தான்.

"நீ முப்பது வருசமாப் பண்ணுனதை இது முப்பது செகண்டுல பண்ணுது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, போனைக் கடிதத்தின் மேல் பிடித்தான். அந்த அம்மாளின் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். போன் கொஞ்ச நேரம் திணறிவிட்டு, 'மழை. அத்தை. இரும்பு ஞாயிற்றுக்கிழமை' என்றது.

"மாடே இல்லையேய்யா இதுல" என்றான் முத்திருளன்.

"அதுக்குக் கையெழுத்து வாசிக்கத் தெரியல மாப்ள."

"உனக்குப் பொய் சொல்லத் தெரியல. எங்கயோ இருக்கிற பொம்பளை, உம் பேச்சைக் கேட்டு அச்சடிச்ச புஸ்தகத்தை மாத்துமாக்கும்? எம் பேச்சையே எம் மாடு கேக்காது."

முந்நூற்றெண்பது பக்கத்தையும் முடித்து டெல்லிக்கு அனுப்பினேன். பதினான்கு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. மொழிபெயர்ப்பு நாவல்கள் போடுவதையே நிறுத்திவிட்டார்களாம். ஒப்பந்தத்தில் ஏழாவது பக்கம் என்று ஒன்று இருந்தது. ஆறாவது பக்கத்திலேயே நான் நின்றுவிட்டதால் அதைப் படிக்கவில்லை. குறித்த காலத்துக்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை பாரிஸுக்கே திரும்பிப் போய்விடும். போனது. பாரிஸ் அதை லண்டனுக்குக் கொடுத்தது. லண்டனில் வேறு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள். அந்தப் பெண்ணின் வேறு புத்தகம் ஒன்றை நான் வாசித்திருக்கிறேன். நன்றாகச் செய்வார். அதுதான் தாங்கவில்லை. மோசமாகச் செய்பவராக இருந்தால் திட்டியாவது பொழுதைப் போக்கியிருக்கலாம்.

என் மனைவி கனகலட்சுமியிடம் மட்டும் சொன்னேன்.

"போனாப் போகுது, அடுத்த புஸ்தகம் பண்ணுங்க" என்றாள்.

"பன்னெண்டு ஆச்சு கனகு."

"பதிமூணாவது பண்ணுனா கை என்ன ஒடிஞ்சா போகும்?"

"கை ஒடியாது" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அன்றைக்கு மூடிய அகராதியை அப்புறம் நான் திறக்கவில்லை. நல்ல கனமான புத்தகம். மாடியில் வடகம் காயப்போடும்போது துணி பறக்காமல் இருக்க கனகலட்சுமி அதைத்தான் வைக்கிறாள். முப்பது வருஷத்தில் அது செய்த உருப்படியான வேலை அதுதான் என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

புத்தகம் கைவிட்டுப் போன பிறகு என்னிடம் மிச்சம் இருந்தது அந்த மாடு ஒன்றுதான். அதனால்தான் அதை ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டு திரிந்தேன். கோரிப்பாளையத்தில் கண்ணாடி மாற்றப் போனால் கண்ணாடிக்காரரிடம் சொன்னேன். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றால் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல மாடு பெருத்தது. ஒரு கட்டத்தில் இரட்டைக் கன்று போட்டது. முத்திருளன் விடாமல் மறுத்தான். ஒருவேளை அவன் மறுத்ததனால்தான் நான் சொல்லிக்கொண்டே இருந்தேனோ என்னவோ. மறுப்பதற்கும் ஒரு ஆள் இல்லாவிட்டால், நடந்தது எனக்கே மறந்துபோயிருக்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. பாரிஸ் பதிப்பகத்திலிருந்து. உள்ளே நாவலின் புதிய பதிப்பு, பிரெஞ்சில். கூடவே ஒரு சீட்டு. வெர்னாக் அம்மாள் டிசம்பரில் காலமாகிவிட்டார், புத்தகம் அனுப்ப வேண்டியவர்கள் என்று அவர் எழுதி வைத்திருந்த பட்டியலில் இந்த விலாசம் இருந்தது என்று எழுதியிருந்தார்கள். விலாசம் என்றுதான் இருந்தது.

நின்றபடியே பக்கத்தைப் புரட்டினேன். சந்தை ஆகஸ்டில் அப்படியே இருந்தது. சண்டையும் அங்கேயே இருந்தது. மாடு மட்டும் மே மாதம் இருபதாம் தேதி காளைக்குப் போயிருந்தது. மாடியில் நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே அந்த அம்மாள் எழுதிய நன்றி வரிகள் இருந்தன. இரண்டு தடவை படித்தேன். கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மூன்றாவது தடவையும் படித்தேன்.

பதினோரு மணிக்கு டீக்கடைக்குப் போனேன். மாட்டை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுவதாகத் திட்டம். கடைசிப் பக்கங்களைப் பின்னட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தேன்.

முத்திருளன் போனைப் பிடித்தான். அச்செழுத்து என்றதும் போன் கிளிப்பிள்ளை மாதிரிப் படித்தது. 'மே இருபதாம் தேதி அவர்கள் பசுவைக் காளையிடம் கொண்டு சென்றனர்.'

"பாத்தியா மாப்ள!"

"என்னத்தப் பாத்தியா? இது மொதல்லயே மே மாசமா இருந்திருக்கும். நீதான் தப்பாப் படிச்சிருப்ப." டீயை உறிஞ்சினான். "அதென்ன பின்னாடி ரப்பர் பேண்டு?"

"அட்டை பிரிஞ்சிருக்கு."

"புதுப் புஸ்தகமாம், அட்டை பிரிஞ்சிருக்காம். கொண்டா இங்கிட்டு."

"வேணாம் மாப்ள, கொடு. நான் கிளம்புறேன்."

நான் ஒரு பக்கம் இழுத்தேன், அவன் ஒரு பக்கம் இழுத்தான். முப்பத்துநான்கு வருஷம் கன்றுக்குட்டிகளை இழுத்த கை அது, எனக்கு எப்படி விட்டுக்கொடுக்கும்? ரப்பர் பேண்டு அறுந்து டீ கிளாசில் விழுந்தது. அவன் கடைசிப் பக்கத்தின் மேல் போனைப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு சத்தமாக வாசித்தான்.

"'என் பசுவின் நாட்களைத் திருத்திக் கொடுத்த, இந்தியாவின் மதுரையைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் திரு. முத்திருளனுக்கும், அவர் கருத்தை எனக்கு எழுதி அனுப்பிய அவருடைய நண்பருக்கும் என் நன்றி.'"

வாசித்து முடித்தும் போனை எடுக்கவில்லை. உதடு மட்டும் 'கால்நடை மருத்துவர்' என்று இன்னொரு தடவை அசைந்தது.

"எம் பேரு எப்படிய்யா அங்க போச்சு?"

"நான்தான் எழுதுனேன். மாட்டு விசயம்ல. மாட்டு ஆளு பேரு இருந்தாத்தானே நம்புவாக."

"டாக்டர்னு?"

"கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்."

"உம் பேரு எங்க?"

"அதான் நண்பர்னு போட்டிருக்குல்ல. அது நான்தான்."

"நண்பர்ங்கிறது ஒரு பேராய்யா?"

அவன் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினான். முன்னட்டை, உள்பக்கம், அச்சகத்தின் விலாசம், பின்னட்டை, பார்கோடு வரைக்கும் ஒவ்வொன்றிலும் போனைப் பிடித்துப் பிடித்துத் தேடினான். போனும் சளைக்காமல் படித்தது. விலை என்றது. உரிமை பதிவு செய்யப்பட்டது என்றது. அவன் டீயில் ஆடை கட்டிவிட்டது.

"எழுதிக் கேளு. அடுத்த தடவை உம் பேரைப் போடச் சொல்லு."

"அந்தம்மா இறந்துபோச்சு மாப்ள."

"இங்கிலீசு புஸ்தகம்?"

"அது வேற ஆளு பண்ணிருச்சு. அதுலயும் மாடு மே மாசத்துலதான் சினையாகும். அந்த வரைக்கும் நல்லது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி, அட்டையைத் துண்டால் துடைத்து, என் மடியில் வைத்தான். பிறகு எழுந்து நின்று, ஏதோ பஞ்சாயத்தில் சாட்சி சொல்லப் போகிறவன் மாதிரி துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, டீ மாஸ்டரையும் பெஞ்சில் இருந்த நாலு பேரையும் பார்த்தான்.

"ஏப்பா, எல்லாரும் கேட்டுக்கங்க. நடந்துச்சுய்யா. நல்லகாமன் சொன்னது அம்புட்டும் நடந்துச்சு."